எது முதலில் போகலாம்

பர்ஸ் திருட்டுப் போனதற்குச் சிரித்த மனுஷி, எனக்குத் தெரிந்து, எங்கள் பக்கத்து வீட்டு மைக் செட் அக்கா ஒருத்திதான். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற பஸ். உள்ளே மூச்சு விட இடமில்லை. அக்கா மாதா கோயிலுக்குப் போகிறவள். அங்காளம்மனிடம் அவளுக்கு வேலை ஒன்றுமில்லை, என் அம்மாவுக்குத் துணையாக வந்திருந்தாள். இறங்கிப் பார்த்தால் அவள் கைப்பை வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது, பர்ஸைக் காணோம். என் அம்மா நடுத்தெருவிலேயே மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

"சும்மா இருங்க பெரிம்மா. அது திருடனுக்குன்னு வெச்சது" என்றாள் அக்கா.

நிஜமான பணம் இடுப்பு முடிச்சில் பத்திரமாக இருந்தது. பைக்குள் மேலாக வைத்திருந்த பழைய பர்ஸில் கனத்துக்காகக் கொஞ்சம் சோழியும் ஒரு பல் போன சீப்பும்தான்.

"ஒன்னுமே கிடைக்கலன்னா அவன் இன்னா பண்ணுவான்? வேற எங்கனா கைய வைப்பான். இது கிடைச்சுது, போயிட்டான். வீட்டுக்குப் போயி சோழி ஆடட்டும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோயில் வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அவளுடைய குணமே அதுதான். ஒரு காரியத்தில் கால் வைப்பதற்கு முன்னால், இதில் எது போனால் பரவாயில்லை என்று முதலில் முடிவு செய்துவிடுவாள். தோசை வார்த்தால் முதல் தோசை கல்லுக்கு என்று சொல்லியே ஊற்றுவாள். மழை நாளில் வெளியே போனால் கிழிந்த குடை ஒன்றைக் கூடவே எடுத்துப்போவாள், கடையில் மறந்துவிட்டு வருவதற்கு. புருஷனோடு சண்டை போடுமுன் கூட எதில் விட்டுக்கொடுப்பது என்று யோசித்து வைத்திருப்பாள். அதை விட்டுக்கொடுத்ததும் அந்த மனுஷன் ஜெயித்த சந்தோஷத்தில் வெற்றிலை போடப் போய்விடுவார். மிச்சமெல்லாம் அவள் சொன்னபடி நடக்கும். எனக்கு அப்போது வயது இருபதுக்குப் பக்கத்தில். இது இன்னாடா வினோதம் என்றுதான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் புத்தி அவளுக்குப் பிறவியிலேயே வந்ததா, மைக் செட்டிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. அறுபதுகளில் செஞ்சியில் கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, பாய் வீட்டு நிக்காஹ் எதுவானாலும் அவர்கள் செட்டுதான் பாடும். இரண்டு பெரிய புனல் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ரிக்கார்டு சுற்றும் பெட்டி ஒன்று. புனலைக் கூரை மேலோ பனைமரத்து உச்சியிலோ கட்டினால்தான் வீட்டுக்காரருக்கு மரியாதை. பக்கத்து ஊருக்குக் கேட்காவிட்டால் அது என்ன கல்யாணம்?

கட்டுவது அவள் புருஷன். நல்ல மனிதர், நல்ல குரல். மைக்கில் ஊதிப் பார்க்கும்போதே ராகத்தோடுதான் ஊதுவார். அவருக்கு ஒரே ஒரு கொள்கை, பாட்டு நிற்கக் கூடாது. அதற்காக பீஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்துவிடுவார். பீஸ் போகவே போகாது. போகாததால் வந்த வினை, ஒரு திருவிழாவில் எங்கோ தூரத்து வயலில் விழுந்த இடிக்கு இவர்கள் ஆம்ப்ளிஃபயர் வயிறு வெந்து போயிற்று. பெட்டியைத் திறந்தால் கருவாடு தீய்ந்த வாசனை. புதிதாக ஒன்று வாங்குகிற வரைக்கும் அந்த வீட்டில் பல நாள் கஞ்சிதான்.

அதற்கப்புறம் அக்கா பாண்டிச்சேரிக்குப் போய், ரேடியோ கடை வைத்திருந்த தன் அண்ணனிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். வந்ததிலிருந்து செட்டு வீட்டை விட்டுக் கிளம்ப அவள் உத்தரவு வேண்டும்.

"மின்னல் நம்ம புனல் மேலயே விழணும்னு இல்ல பாப்பா" என்று எனக்கு ஒருநாள் சொன்னாள். "கிட்டக்க எங்க விழுந்தாலும் மேல கட்டின கம்பியில ஒரு வேகம் வந்துடும். வந்தது எங்கனா போயித்தான ஆவணும்? நாம ஒரு வழி வெக்கலன்னா அதுவா ஒரு வழி பார்த்துக்கும். அது பார்க்கிற வழி நம்ம செட்டு."

அதற்காக அவள் செய்து வைத்திருந்தது ஒரு பீங்கான் கட்டை. அதன் மேல் இரண்டு பித்தளைத் தகடுகள், விளிம்போடு விளிம்பு முட்டாமல் எதிரெதிரே நிற்கும். ஒன்று புனலிலிருந்து வரும் கம்பிக்கு. இன்னொன்று மண்ணுக்குள் போகிற எர்த் கம்பிக்கு. பாட்டுக்கு அந்த இடைவெளியைத் தாண்டத் தெம்பு கிடையாது. இடியின் வேகம் தாண்டிக் குதித்து மண்ணுக்குள் போய்விடும். மிச்சம் மீதி உள்ளே வந்தால் தலைமுடி போல ஒரு பீஸ் கம்பி வைத்திருப்பாள், அது எரிந்து அறுந்துவிடும். செட்டு பிழைக்கும்.

இடைவெளியை அளக்க அவளிடம் கருவி ஏதும் கிடையாது. எந்தக் கல்யாணமோ அந்தக் கல்யாணத்துப் பத்திரிகையை மடிக்காமல் தகடுகளுக்கு நடுவில் செருகி, திருகாணியை இறுக்கிவிட்டு உருவிக்கொள்வாள். "இதுக்கு மேல நெருங்கினா பாட்டே மண்ணுக்குள்ள பூடும், தள்ளிப் போனா இடி செட்டுக்குள்ள வந்துடும்" என்பாள். சிக்கனக்காரர்கள் மெல்லிய தாளில் பத்திரிகை அடித்திருந்தால் அவளுக்குக் கோபம் வரும். "பொண்ணு கல்யாணத்துக்கு நல்ல அட்டையில அடிக்கக் கூடாதா?" என்று பெண்ணைப் பெற்றவரையே கேட்டுவிடுவாள். அவர் ஒன்றும் புரியாமல் நிற்பார்.

பெரிய தொல்லை எர்த் குழிதான். செஞ்சியில் எங்கே கடப்பாரை போட்டாலும் ஒரு முழத்தில் பாறை வந்து 'டங்' என்று கும்பிடு போடும். பாறை மேல் காய்ந்த மண்ணில் எர்த் கம்பியைப் புதைப்பதும் புதைக்காததும் ஒன்று. அதனால் கல்யாண வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் கேட்பது, "பந்தியில சாப்ட்டவங்க எங்க கை கழுவுவாங்க?" குழி அங்கேதான். உப்பும் கரியும் போட்டு மூடிவிட்டால், சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் கை கழுவிக் கழுவி மண்ணை ஈரமாகவே வைத்திருப்பார்கள். மேகம் கறுத்துவிட்டால் மட்டும் ஒருத்தரையும் அந்தப் பக்கம் விடமாட்டாள். பாதிச் சோற்றில் எழுந்தவர்கள் எச்சில் கையோடு நிற்க வேண்டியதுதான்.

மைக் செட்டுக்குச் செய்ததைக் கல்யாணத்துக்கும் செய்ய வேண்டும் என்று அவளுக்கு எப்போது தோன்றியதோ தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவையாவது கோபித்துக்கொண்டு எழுந்திருக்காவிட்டால் அவர்களுக்கே கல்யாணம் நடந்தது போலிருக்காது. அக்கா இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாள். பெண் வீட்டு அடுப்படிக்குள் வந்து, "குறை ரெடியா?" என்று கேட்பாள். ஒரு வீட்டில் சம்பந்திகள் தங்கும் அறையில் தலையணை ஒன்று குறைத்து வைக்கச் சொன்னாள். தலையணை பக்கத்து அறையில் தயாராக இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா அதற்காக ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார், தலையணை வந்தது, அமைதியாகிக் குறட்டை விட்டார். இன்னொரு வீட்டில் பெண்ணின் அப்பா கௌரவம் பார்த்து ஒரு குறையும் இல்லாமல் செய்தார். கோபிக்க ஒன்றும் அகப்படாத மாப்பிள்ளை வீட்டார் கடைசியில் நகையில் கை வைத்தார்கள். அந்தச் சண்டை தாலி கட்டின பிறகும் ஓயவில்லை.

என் கல்யாணத்துக்கு அவள் முடிவு செய்த குறை, உப்பில்லாத மோர்.

என் அம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "குழியில ஒரு படி உப்பைக் கொட்டுவ, வர்றவங்களுக்குக் குடுக்கிற மோர்ல ஒரு சிட்டிகை போடக் கூடாதா?"

"அதேதான் பெரிம்மா. குழிக்கு உப்பு, மோருக்கு இல்ல. அவங்க திட்டுவாங்க, நீங்க கன்னத்துல போட்டுக்கினு உப்பு எடுத்தாந்து குடுங்க. முடிஞ்சு போச்சு."

அம்மா ஒத்துக்கொண்டாள். பயம்தான் காரணம். எனக்கு முன்பே ஒரு வரன் வந்து, பூ வைக்க வந்த அன்றைக்குக் குத்துவிளக்கு காற்றில் அணைந்து, அந்த ஒரே காரணத்துக்காகத் தட்டிப் போயிருந்தது. விளக்கு அணைந்த பெண் என்று ஊரில் எனக்குப் பட்டப் பெயரே வந்துவிட்டது. இந்த இரண்டாவது வரன் அனந்தபுரத்திலிருந்து. மாப்பிள்ளையின் அம்மா பூனை குறுக்கே போனால் பஸ்ஸைக் கூட விட்டுவிடுகிறவள் என்று கேள்வி. இதுவும் போனால் இனி ஒருத்தனும் வாசலை மிதிக்க மாட்டான் என்று நைனா, என் அப்பா, இரவும் பகலும் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கும் பயந்தான். அதோடு அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்தும் இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வைகாசி மாதம். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்க வேண்டும். புனல்களை அக்கா வீட்டு மாடியில் கட்டியிருந்தார்கள், எங்கள் வீட்டை விட அது உயரம் என்பதால். செட்டு எங்கள் பந்தலில். காலையில் பளீரென்று இருந்த வானம், மூன்று மணிக்கு மேல் ராஜகிரி மலைக்குப் பின்னாலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா கை கழுவுகிற இடத்திலிருந்து எல்லாரையும் விரட்டினாள். பிறகு புனல் கம்பியைப் பிடுங்கப் போனாள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் பஸ் திரும்பியது.

"பிடுங்காதம்மா" என்று ஓடி வந்தார் நைனா. "பாட்டு இல்லாம மாப்பிள்ளையை எப்படி இறக்கறது? அந்தம்மா இன்னா நினைப்பாங்க?"

அக்கா வானத்தைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்த என்னையும் பார்த்தாள். "உள்ள வர்ற வரைக்குந்தான். அப்பால பிடுங்கிடுவேன்" என்றாள்.

மாப்பிள்ளை இறங்கினார். அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவர் பந்தலுக்குள் வலது காலை எடுத்து வைத்த அதே நொடி, மலை மேல் கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். பீங்கான் கட்டையில் 'பட்'டென்று நீலமாக ஒன்று தாவியது. பாட்டு பாதி வரியில் அறுந்து நின்றது. இடி உருண்டு முடிந்ததும் ஒரு சத்தமும் இல்லை.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நில்லுப்பா" என்றாள் மகனிடம், தாழ்ந்த குரலில். "கால் வைக்கிற நேரத்துல பாட்டு அறுந்துபோச்சு. உள்ள போவாத."

பின்னாலிருந்து யாரோ ஒரு புண்ணியவதி, "அந்த வெளக்கு அணைஞ்ச பொண்ணு இதானே?" என்றாள்.

நைனா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஜன்னல் கம்பி கையில் வழுக்கியது. உப்பில்லாத மோர் அண்டா நிறைய இருந்தது, அதைக் கொண்டு போய் இந்த இடத்தில் யாரிடம் கொடுப்பது?

அப்போது அக்கா முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நேரே போய் நின்றாள்.

"பாட்டு அறுந்து போவலீங்க. நான்தான் நிறுத்தினேன்."

"இன்னா?"

"காலைலேர்ந்து இங்க மாடா உழைக்கிறேன். ஒரு காபி குடுத்தாங்களா? இல்ல. அதான் நிறுத்திட்டேன். காபி வந்தாத்தான் பாட்டு வரும்."

அந்தம்மாவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் ஜன்னலிலிருந்தே பார்த்தேன். முதலில் காது சிவந்தது, அப்புறம் மூக்கு. பிறகு வாய் திறந்தது. காபிக்கு வக்கில்லாதவளா நீ, என் புள்ள கால் வைக்கிற நேரந்தானா கிடைச்சுது உனக்கு, உங்க வீட்ல காபிக் கொட்டையே பார்த்ததில்லியா என்று ஆரம்பித்து, அக்காவின் தாத்தா பாட்டி வரைக்கும் போய்த் திரும்பியது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஓய்கிறது போல் தெரிந்தால் "சக்கரை தூக்கலா வேணும்" என்று எடுத்துக்கொடுத்தாள். மறுபடி பிடித்துக்கொள்ளும். இதற்குள் மழை பெரிய பெரிய துளியாக விழ, என் மாமா மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர் எந்தக் காலை வைத்து வாசலைத் தாண்டினார் என்று ஒருத்தரும் கவனிக்கவில்லை.

"இந்தப் பொம்பள இருக்கிற பந்தல்ல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று முடித்தாள் அந்தம்மா. அக்கா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அவள் புருஷன் புது பீஸ் கம்பி போட்டார். செட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. மழை விட்டதும் அதே பாட்டு அதே இடத்திலிருந்து தொடர்ந்தது. உப்பில்லாத மோரை மாப்பிள்ளையின் மாமா செம்பு செம்பாகக் குடித்து, "பேஷ்" என்றார்.

மறுநாள் காலையில் தாலி கட்டும்போது நான் தலை குனிந்து உட்கார்ந்திருக்கவில்லை. பந்தல் ஓலை இடுக்கு வழியாகப் பக்கத்து மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு புனலுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் புடவை நின்றது. பந்தலுக்குள் வர அனுமதி இல்லாததால் அவள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை அடக்க முடியவில்லை. பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நல்லதாய்ப் போயிற்று.

பஸ் ஏறுமுன் கொல்லைச் சுவரோரம் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"உன் பேரு கெட்டுப் போச்சே அக்கா."

"அனந்தபுரத்துலதான கெட்டுச்சு? நான் அங்க போவப் போறதில்ல. இங்க பாரு, உன் மாமியாருக்கு எப்ப கோவம் வந்தாலும் என் பேச்சை எடுத்து விடு. நான் இங்க நல்லாத்தான் இருப்பேன்."

அப்படியே செய்தேன். குழம்பு தீய்ந்தால், பால் பொங்கி வழிந்தால், மாமியார் மூக்கு சிவக்கும்போது, "அத்தை, அன்னிக்கி அந்த மைக் செட் பொம்பள..." என்று மெதுவாக ஆரம்பிப்பேன். போதும். என் மாமியார் செஞ்சி இருக்கும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு திட்டித் தீர்ப்பாள், முடிந்ததும் சோறு போட்டுக் கொடுப்பாள். பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அக்கா ஆசையோடு கேட்பாள், "இந்தத் தடவை இன்னா சொன்னாங்க?" நான் ஒன்று விடாமல் சொல்லுவேன். நல்ல வசவாக இருந்தால் புருஷனையும் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொல்லுவாள். "திட்டிக்கினே இருக்காங்களா? அப்ப நீ நல்லாருக்க" என்பாள்.

என் மகனுக்குக் காதுகுத்து செஞ்சியில் வைத்தோம். மாமியாருக்குப் பயந்து நைனா மைக் செட் சொல்லவில்லை. அடுப்படியில் நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து நின்றாள்.

"இன்னாடி இது, எழவு வீடு மாதிரி இருக்குது? ஒரு பாட்டு இல்ல?"

"நீங்கதான அத்தை, அவ முகத்துல முழிக்க மாட்டேன்னு..."

"காபிக்காக எவளாவது பாட்டை நிறுத்துவாளாடி?" என்றாள் மாமியார். "அன்னிக்கு இடி இடிச்சது எனக்குக் கேக்கலன்னு நினைச்சியா?"

"அப்ப ஏன் அத்தை இத்தினி வருசமா திட்னீங்க?"

"திட்றதுக்கு ஒருத்தி வேணாமா? அவ இல்லன்னா உன்னைத்தான் திட்டியிருப்பேன். அதக் குடு இங்க."

டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். அக்கா தரையில் உட்கார்ந்து பீங்கான் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் மாமியாரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"இந்தா" என்றாள் மாமியார். "உன் காபி."

உதடு கோணிக்கொண்டு வந்தது. என் மாமியார் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்துவிடுவேன் போலிருந்தது. அக்கா அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தாள். காபியை வாங்கி ஒரு வாய் குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"சக்கரை பத்தல" என்றாள்.

"இன்னாது?" மாமியாருக்குக் காது சிவந்தது, மூக்கு சிவந்தது. "அனந்தபுரத்துலேர்ந்து வந்து, கையில எடுத்தாந்து குடுத்தா, உனக்குச் சக்கரை பத்தலியா? நாக்காடி அது?" என்று பிடித்துக்கொண்டாள். வசதியாகத் திட்ட வேண்டும் என்று பெஞ்சியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் விட்டாள். அக்கா எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நிதானமாகக் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் காபிக்குச் சர்க்கரை போட்டவள் நான். பாயசம் மாதிரி இருந்தது.